மூன்றரைக்குள் ஒரு தாள்

என் தம்பி றஜீபனின் உடல் டோகாவில் ஒரு பிணவறையில் பதினொரு நாளாகக் கிடந்தது. அதை அனலைதீவுக்குக் கொண்டுவர ஒரேயொரு தாள் வேண்டியிருந்தது. அந்தத் தாளை அடிக்கமாட்டேன் என்று என் வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டர் குந்திக்கொண்டிருந்தது. கண்டறியாத பிரிண்டர்.

நான் நாகபூசணி. இந்தத் தீவில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்கிற கதைகளில் அது ஒன்றுதான் உண்மை. றஜீபன் எனக்கு ஒரே தம்பி, பதினான்கு வயது இளையவன். அம்மா அன்னப்பிள்ளை தோட்டத்துக்கு இறைக்கப் போக, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். பெரியவனாகி, டோகாவில் கட்டிடங்களுக்கு இன்ரநெற் வயர் இழுக்கிற வேலைக்குப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து வந்து படுத்தவன் எழும்பவில்லை. முப்பத்தொன்பது வயது. இதயம் நின்றுவிட்டதாம். அவ்வளவுதான் சொன்னார்கள்.

உடலை அனுப்புவதற்குக் கம்பனி ஒரு படிவம் அனுப்பியது. அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். உரித்துடையவர் பேனாவால் கையெழுத்து வைத்து, தாள்களை உறுதிப்படுத்துகிற ஒரு சமாதான நீதவான் முத்திரை குத்தி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் தடவை நான் ஊர்காவற்றுறைக்குப் படகேறிப் போய், கடையில் அதை அடித்து, நானே கையெழுத்து வைத்தேன். உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன்.

அவனுக்கு மனைவி இருப்பது எனக்குத் தெரியாததல்ல. கிருசாந்தி, கரம்பொன்னிலிருந்து வந்தவள். எங்கள் வளவின் மற்றப் பாதியில், பனையோலை வேலிக்கு அப்பால் இருக்கிறாள். மூன்று வருடமாக நானும் அவளும் கதைப்பதில்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் காய்ச்சிக் கொண்டுவந்த கறியைப் படையல் இலையில் வைக்க நான் விடவில்லை. "வந்தவளின்ரை கைப்பக்குவம் அம்மாவுக்குச் சரிவராது" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னேன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அன்று பின்னேரமே நான் வேலிக் கண்டாயத்தை, இரண்டு வீட்டாரும் போய்வரவென்று வேலியில் விட்டிருந்த வழியை, ஓலை வைத்து இறுக்கிக் கட்டினேன். அதன்பிறகு றஜீபன் லீவில் வந்தால் காலைச் சாப்பாடு அங்கே, மத்தியானம் இங்கே. ரோட்டால் சுற்றி வருவான். அங்கே நடந்ததை இங்கே சொல்லமாட்டான், இங்கே நடந்ததை அங்கே சொல்லமாட்டான்.

செத்தவீட்டுக் காரியத்திலாவது நான் அடங்கியிருக்கலாம். வளர்த்தவள் நான், நேற்று வந்தவளிடம் போய் நிற்பதா என்று இருந்துவிட்டேன். ஒரு கிழமை கழித்துக் கம்பனி படிவத்தைத் திருப்பியது. மனைவி உயிரோடு இருக்கையில் அக்காவின் கையெழுத்துச் செல்லாது என்று எழுதியிருந்தார்கள். என் வீம்பால் என் தம்பி ஒரு கிழமை கூடுதலாக ஐஸில் கிடந்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

புதிய படிவம் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு என் போனுக்கு வந்தது. கூடவே நிசாந்தனின் குரல். றஜீபனோடு ஒரே அறையில் இருந்த கரம்பொன் பொடியன். அவன்தான் கம்பனிக் கந்தோருக்கும் எங்களுக்கும் நடுவே ஓடித்திரிந்தான்.

"அக்கா, இண்டைக்கு உங்கடை நேரம் மூண்டரைக்குள்ளை தாள் வரவேணும். பிறகு கந்தோர் பூட்டு. பிணவறைக்காரர் இனி வைச்சிருக்க ஏலாதெண்டிட்டினம். வராட்டில் ஞாயிற்றுக்கிழமை இஞ்சையே தாட்டுப்போடுவினமாம்."

எங்கள் ஆட்களை எரிப்பதுதான் முறை. கொள்ளி வைக்காமல், ஒரு பிடி அரிசி வாய்க்குப் போடாமல், யாரோ நாட்டு மணலில் என் தம்பியைப் புதைப்பதா?

ஊர்காவற்றுறைக்குப் போக வழியில்லை. முதல்நாளிலிருந்து வாடைக்காற்று பேய்போல அடித்தது, படகுகளை எல்லாம் இழுத்துக் கட்டிவிட்டார்கள். தீவில் அச்சடிக்கிற கடை கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிரிண்டர் மூன்று மாதமாகத் திருத்தப் போய் யாழ்ப்பாணத்தில் கிடக்கிறது. மிஞ்சியது என் வீட்டில் இருக்கிறதுதான். பிள்ளைகளுக்குச் சோதனைத் தாள் அடிக்கவென்று றஜீபன் போன வருட லீவில் வாங்கித் தந்தது.

வயர் இல்லாத பிரிண்டர். "வைஃபையிலை வேலை செய்யும் அக்கா, வயர் ஒண்டும் வேண்டாம்" என்று பெருமையாகச் சொன்னான். ரவுட்டரைக் குசினி யன்னலில் வைத்தான், அங்கேதான் சிக்னல் நன்றாக விழும். பிரிண்டரை முன்னறையில், வேலிப்பக்க யன்னலோரம் வைத்தான். ஏனடா இவ்வளவு தூரம் என்றதற்கு, "அது அதிலையே இருக்கட்டும்" என்றான். வைஃபைக்கு அம்மாவின் பெயரை, அன்னப்பிள்ளை என்று, வைத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குப் பிறகு அவனுக்கு அம்மா நான்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

தொடக்கத்திலிருந்தே அது ஒரு குணம் கெட்ட சாமான். பகலில் சொல்வழி கேட்கும், பொழுதுபட்டால் ஓஃப்லைன் என்று சொல்லிவிடும். நான் அடிப்பது பகலில்தான் என்பதால் பெரிதாகக் கவனிக்கவில்லை. இந்தப் பதினொரு நாளாகப் பகலிலும் ஓஃப்லைன். இழவு வீட்டில் யார் பிரிண்டரைப் பார்த்தார்கள்?

காலை ஏழரைக்குத் தொடங்கினேன். குசினி மேசையில் லப்டொப்பை வைத்து அடி என்று கொடுத்தேன். ஓஃப்லைன். பிரிண்டரை நிறுத்திப் போட்டேன். ஓஃப்லைன். ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். லப்டொப்பை நிறுத்திப் போட்டேன். மூன்றையும் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். ஓஃப்லைன். பிரிண்டரை லப்டொப்பிலிருந்து அழித்துவிட்டுத் திரும்பவும் சேர்க்கப் பார்த்தேன். ஒருதரம் பெயர் தெரிந்தது, சேர்ந்தது, சாமி என்று கும்பிடுவதற்குள் மறுபடி ஓஃப்லைன். போனால் அடித்துப் பார்த்தேன், அதுவும் அதே பாட்டு. ஒவ்வொரு தடவையும் தாள் வரிசையில் போய்க் காத்து நின்றதே தவிர, ஒன்றும் வெளியே வரவில்லை.

விசர் பிடிக்க வைத்தது என்னவென்றால், பிரிண்டரின் நீல வெளிச்சம் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் சுகமாக இருக்கிறேன் என்று அது சொன்னது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமத்தினால் தன் நிலைமையைத் தானே அடித்துத் தரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அமத்தினேன். கடகடவென்று ஒரு தாள் தள்ளியது. வைஃபை பெயர் அன்னப்பிள்ளை. இணைப்பு உண்டு. சிக்னல் மிக நன்று.

"அப்ப எனக்கு மட்டும்தான் அடிக்கமாட்டியோ, கோதாரி விழுவாய்?" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு வல்லிபுரம் மாஸ்ரர் வந்தார். இளைப்பாறிய அதிபர், இந்தத் தீவின் சமாதான நீதவான். அவருக்கு நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். காற்றில் குடை மறுபக்கம் புரண்டுபோயிருந்தது. முத்திரையையும் மை ஒற்றுகிற பெட்டியையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். கதிரையில் இருந்து பிரிண்டரை ஒரு தரம் பார்த்தார்.

"ரீச்சர், ஒருக்கா ஓவ் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீரோ?"

"காலமையிலை இருந்து அதைத்தான் மாஸ்ரர் செய்யிறன்."

"கொஞ்சம் கூடநேரம் ஓவிலை விட்டுப் பாரும்."

கூடநேரம் விட்டோம். ஒரு மணியானது. அவர் வெறுந்தேநீர் குடித்தார், நான் குசினிக்கும் முன்னறைக்கும் நடந்தேன். சாண் ஏற முழம் சறுக்கியது. நிசாந்தன் போன் எடுத்து, "அக்கா, ஒபிசர் மேசையைத் துடைக்கத் தொடங்கீட்டார்" என்றான். இரண்டு மணிக்கு நான் பிரிண்டருக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதேன். பிள்ளைகளுக்கு முன்னால் பிரம்போடு நிற்கிறவள், மாஸ்ரர் பார்த்திருக்க, மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்து அழுதேன். தம்பி, உன் கையால் பூட்டின சாமான்தானே, உனக்காக ஒரு தாள் அடிக்கக்கூடாதா என்று கேட்டேன்.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "ரீச்சர், நான் ஒண்டு சொல்லட்டோ? படிவத்தை லப்டொப்பிலை பாத்து ஒரு வெள்ளைத்தாளிலை கையாலை எழுதுவம். ஏற்கினமோ இல்லையோ, அனுப்பிப் பாப்பம். அந்தப் பிள்ளை கையெழுத்து வைக்க வேணும்தானே. அங்கை போய் இருந்து எழுதுவம்."

என் திட்டம் வேறாக இருந்தது. தாள் வந்ததும் அதை மாஸ்ரரிடம் கொடுத்து, அவரையே அங்கே அனுப்பிக் கையெழுத்து வாங்குவது. நான் வேலிக்கு இங்காலேயே நிற்பது. நேரம் இரண்டே முக்கால். வீம்புக்கு இனி நிமிடம் இல்லை. லப்டொப்பைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரோட்டால் சுற்றி, மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

கிருசாந்தி முன் விறாந்தையில் தூணோடு சாய்ந்து இருந்தாள். கழுத்தில் தாலி கிடந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. உடல் வராமல் எங்கள் முறையில் எதையும் தொடங்க முடியாது. தாலி கழற்ற முடியாது, பறை சொல்ல முடியாது, வாய்விட்டுக் குளறி அழக்கூட முடியாது. பதினொரு நாளாக அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. அவளை எப்படிப் பார்ப்பதென்று தெரியாமல் ஊர்ச் சனம் வருவதையே விட்டிருந்தது. நானும் அந்தச் சனத்தில் ஒருத்தி.

என்னைக் கண்டதும் எழும்பினாள். "வாங்கோ மச்சாள்" என்றாள். அவ்வளவுதான். ஒரு கோபம் காட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கிருசாந்தி, உம்மடை கையெழுத்து வேணும். மூண்டரைக்குள்ளை. என்ரை பிரிண்டர் அடிக்குதில்லை. எழுதத்தான் வேணும். ஒரு தாளும் பேனையும் எடும்."

அவள் உள்ளே ஓடினாள். மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். நான் விறாந்தை மேசையில் லப்டொப்பை வைத்து மூடியைத் திறந்தேன்.

படிவம் திரையில் வந்தது. அரபி எழுத்தை எப்படிப் பார்த்து எழுதுவதென்று நான் முழித்துக்கொண்டிருக்க, வேலிக்கு அங்காலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் முனகல். பிறகு கடக், கடக் என்று இழுவை.

மாஸ்ரர் தலையை நிமிர்த்தினார். "ரீச்சர், உம்மடை வீட்டிலை ஆர்?"

"ஒருத்தருமில்லை."

திரையைப் பார்த்தேன். ஓஃப்லைன் என்ற சொல் இல்லை. அச்சாகிறது என்று போட்டிருந்தது. பூட்டின வீட்டில், ஆளில்லாத முன்னறையில், காலையிலிருந்து நான் கொடுத்த தாள்களை எல்லாம் அந்தப் பிரிண்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

தாளோடு வந்த கிருசாந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். பிறகு, "மச்சாள், உங்கடை பிரிண்டர் என்ரை வைஃபையிலை கிடக்குது போலை" என்றாள்.

"உம்மடையிலையோ? அது என்ரை அன்னப்பிள்ளையிலை எண்டெல்லோ காட்டுது?"

"என்ரையும் அன்னப்பிள்ளைதான்." யன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வேலிப் பக்கத்து யன்னலில், என் பிரிண்டருக்கு நேரெதிரே, என்னிடம் இருப்பது போலவே ஒரு ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தது. "அவர்தான் ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேரும் ஒரே பாஸ்வேர்ட்டும் வைச்சவர். எந்த வீட்டிலை போய் இருந்தாலும் தன்ரை போன் கேள்வி கேக்காமல் ஏறவேணுமாம். நான் பகலிலை நிப்பாட்டி வைப்பன். பின்னேரம் அவர் கோல் எடுக்கிற நேரத்துக்குத்தான் போடுவன். செய்தி வந்ததிலை இருந்து நிப்பாட்டேல்லை. ஆராவது எடுப்பினம் எண்டு."

இது கிட்ட இருக்கிற ரவுட்டர், என்னுடையது குசினிக் கோடியில் இருப்பது. ஒரே பெயர், ஒரே திறப்பு. பிரிண்டருக்கு நானும் அவளும் ஒன்றுதான், கிட்ட இருந்தவளிடம் போயிருக்கிறது. லப்டொப் என் வீட்டில் என் ரவுட்டரில் நின்று தேடினால் எப்படிக் காணும்? இங்கே கொண்டுவந்து திறந்ததும் அதுவும் அவளுடையதில் ஏறிவிட்டது.

"உங்கடை பிரிண்டரை என்ரை போனிலையும் சேர்த்துத் தந்தவர்" என்றாள் குனிந்தபடி. "தேவையெண்டால் அடி, அக்கா ஒண்டும் சொல்லமாட்டா எண்டவர். நான் ஒருநாளும் அடிக்கேல்லை."



"ரீச்சர், மூண்டு அஞ்சு" என்றார் மாஸ்ரர்.

ரோட்டால் சுற்றிப் போய்வர நேரமில்லை. நேரே வேலிக்குப் போனேன். என் கையால் நான் கட்டின கண்டாயம். மூன்று வருட வெயிலில் கயிறு இரும்பாக இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தேன், அசையவில்லை. கிருசாந்தி குசினிக் கத்தியோடு ஓடிவந்து ஒரு பக்கக் கட்டை அறுத்தாள், நான் மற்றப் பக்கத்தை இழுத்தேன். பனைமட்டைக் கருக்கு உள்ளங்கையைக் கிழித்தது. ஓலை பிய்ந்து காற்றோடு போனது. புகுந்து ஓடிக் கதவைத் திறந்தேன்.

முன்னறை நிலமெல்லாம் தாள். அடிக்க அடிக்கத் தட்டு நிறைந்து, வழிந்து, கதிரைக்குக் கீழும் போய்க் கிடந்தது. பதினாறோ பதினேழோ. எல்லாவற்றிலும் றஜீபனின் பெயர். இரத்தம் படாத ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்த வழியே ஓடிவந்தேன்.

கிருசாந்தி பேனாவைப் பிடித்தாள். உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். கையெழுத்து வைக்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"இதை வைச்சால் அவர் செத்ததுதான் எண்டு நானும் ஒத்துக்கொண்டதாய்ப் போகுமே மச்சாள்?"

மாஸ்ரர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கடலின் பக்கம் திரும்பிக்கொண்டார். மணிக்கூட்டில் மூன்று பதினைந்து. வை என்று அதட்டத்தான் எனக்கு வாய் எழும்பியது. ஆனால் போன கிழமை இதே இடத்தில் ஒரு யோசனையும் இல்லாமல் என் பெயரைக் கீறியவள் நான். எனக்கு வராத நடுக்கம் அவளுக்கு வந்திருந்தது.

"ஓம் பிள்ளை, போகும்தான்" என்றேன். "வைக்காட்டில் அவனை அங்கையே தாட்டுப்போடுவினம். நாங்கள் ரெண்டு பேரும் முகம் பாக்க ஏலாது. வையும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

வைத்தாள். மாஸ்ரர் முத்திரையை மையில் ஒற்றி, ஊதி, அழுத்திக் குத்தினார். நான் படம் எடுத்தேன். முதல் படம் கலங்கியது, இரண்டாவது தெளிவு. அனுப்பினேன். மூன்று இருபத்திரண்டு. இரண்டு சரி அடையாளம் விழுந்தது, நீலமாகவில்லை. மூவரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம். மூன்று இருபத்தெட்டுக்கு நிசாந்தனின் குரல் வந்தது.

"அக்கா, குடுத்திட்டன். ஒபிசர் எடுத்திட்டார். சனிக்கிழமை பிளேனிலை அண்ணையை ஏத்தினம். அவற்றை போனையும் உடுப்புப் பெட்டியையும் கூடவே அனுப்பிறம்."

மாஸ்ரர் முத்திரையைப் பொலித்தீனில் சுற்றி, புரண்ட குடையை எடுத்துக்கொண்டு, சொல்லாமலே போனார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. நான் விறாந்தைத் தரையில் கிருசாந்திக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என் உள்ளங்கையைக் கழுவி, மஞ்சள் வைத்து, துணி சுற்றினாள். அந்த அந்தியேட்டிக் கறி என்ன கறி என்று கேட்க நினைத்தேன். வெட்கத்தில் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் யன்னலைப் பார்த்தாள். "மச்சாள், இனி ஒருத்தரும் எடுக்கமாட்டினம்தானே. ரவுட்டரை நிப்பாட்டட்டோ? பதினொரு நாளாய் எரியுது."

"வேண்டாம்" என்றேன். "அவன்ரை போன் வருகுதெல்லோ. படலைக்கை வரேக்கை அது தானாய் ஏறும். என்ரையையும் நிப்பாட்டமாட்டன்."

அவள் என் மடியில் விழுந்து, பதினொரு நாளாக அழாத அழுகையை அழுதாள். முறைப்படி உடல் வந்தபிறகுதான் குளறலாம். நான் அவளைத் தடுக்கவில்லை.